எட்டு லாச்சிகளும் ஒரு மாப்பிள்ளையும்

என் வயதுக்காரர்களுக்கு நெஞ்சு படபடக்க நியாயமான காரணங்கள் ஏராளம் இருக்கின்றன. சீனி வருத்தம், பிறஷர், கொங்கிறீட் போடும் நாளில் பெய்யும் மழை. எனக்குப் போன வருஷம் படபடத்தது அட்வேர்ப்பினால். கிளினிக்கில் வரிசையில் இருந்து, "டொக்டர், ஒரு இங்கிலீஸ் சொல்லைக் காட்டி அது நவுனா வேர்பா எண்டு கேட்டா எனக்குக் கை குளிர்ந்து போகுது" என்று சொன்னால் அவர் என்ன குளிசை எழுதுவார்? ஆனபடியால் நான் போகவில்லை. வீட்டிலேயே இருந்து நடுங்கினேன்.

எல்லாம் மகளின் கலியாணப் பேச்சில் தொடங்கியது.

மற்ற ஊர்களில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வந்து, பலகாரத்தைத் தின்றுகொண்டு, பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவார்களாம். எங்கள் கரையில் அந்தச் சொகுசு கிடையாது. பெண்ணைப் பெற்றவர்கள்தான் மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும். அவர் இருப்பதற்கு வீடும் கட்டி வைத்திருக்க வேண்டும். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து குடியேறிவிடுவார். நானும் அப்படிக் குடியேறியவன்தான். கல்முனைப் பஸாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். ஆனால் சாய்ந்தமருதில் நான் படுக்கிற வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால் மனைவியிடம் கேட்க வேண்டும். வீடு அவளுடையது. ஆணி மட்டும் என்னுடையது.

ஒருநாள் சாப்பாட்டில் மனைவி கதையைத் தொடங்கினாள்.

"மகள் ஒரு ஆளச் சொல்றா."

"ஆரு?"

"கம்பஸ்ல இவளுக்கு முந்திப் படிச்ச புள்ள. இப்ப ஆஸ்பத்திரி லேப்பில வேலை. வாப்பா மௌத்து, உம்மா மட்டும்தான். ஒரே மகன். நல்ல புள்ளயாம், நானும் விசாரிச்சன்."

"உம்மா ஆரு?"

மனைவி எனக்கு இன்னொரு அகப்பை மீன் ஆணம் ஊற்றினாள். கேட்காமல் ஆணம் ஊற்றினால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"உங்களுக்கு அவங்களத் தெரியும். உங்கட இங்கிலீஸ் டீச்சர்."

சோறு தொண்டையில் நின்றது. அதுவும் நின்றுதான் பழகியிருக்க வேண்டும்; அந்த டீச்சரின் பெயரைக் கேட்டால் என்னில் எல்லாமே எழுந்து நிற்கும்.

விளக்கமாகச் சொல்கிறேன். டீச்சர் எங்களுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து இங்கிலீஸ் படிப்பித்தவர். ஆள் சின்னது. மேசைக்குப் பின்னால் போனால் மேசைதான் தெரியும். வகுப்புக்குள் வந்ததும் வணக்கம், வரவு எல்லாம் பிறகுதான். முதலில் ஒரு சொல் வரும். மீன்காரர் தராசில் மீனைப் போடுவதுபோல யாராவது ஒருவனின் முகத்துக்கு நேரே அதைப் பொத்தென்று போடுவார். "ரன்!" அது என்ன வகைச் சொல் என்று அந்த முகம் உடனே சொல்ல வேண்டும். சொன்னவன் வாங்கில் குந்தி இருக்கலாம். சொல்லாதவன் நிற்கலாம். அடி இல்லை, ஏச்சும் இல்லை. அடித்தாலாவது வீட்டில் போய் அழலாம். "உம்மா, டீச்சர் என்னை நிக்க வெச்சிட்டாங்க" என்றால், "நல்லம், இருந்தா நித்திரை கொள்ளுவாய்" என்று உம்மா கொத்துமல்லி அரைக்கப் போய்விடுவார்.

நான் நின்றேன். வகுப்பிலேயே உயரமானவன் என்று ஒரு காலம் எனக்குப் பெயர் இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் இருந்தார்கள் என்பதுதான் அதன் இரகசியம்.

ஒருநாள் என் முகத்துக்கு வந்த சொல் 'பியூட்டிஃபுல்'. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "வேர்ப்" என்றேன். டீச்சர் சிரிக்கவில்லை. வகுப்பைப் பார்த்து, "வேர்ப் எண்டா ஒரு செயல். அப்ப இந்தப் புள்ள இப்ப பியூட்டிஃபுல் செய்துகொண்டு நிக்கிறார். எல்லாரும் பாருங்க" என்றார். எல்லோரும் பார்த்தார்கள். அந்த வருஷம் முழுக்க இடைவேளைக்குப் போனால், "என்னடா, பியூட்டிஃபுல் செய்யப் போறியா?" என்று கேட்பார்கள். அந்தப் பயல்களில் ஒருவன் இப்போது பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான். இன்றைக்கும் பஸாரில் கண்டால் காரை நிறுத்தி அதையே கேட்கிறான். அரசாங்கம் அவனுக்குக் கொடுத்த கார்.

இப்படிப்பட்ட டீச்சர் வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டியிருந்தது. தொடக்கத்தில் நான் பெரிதாகப் பயப்படவில்லை. ஏனென்றால் எங்கள் வழக்கப்படி முதல் பேச்சு பெண்களின் பேச்சு. அவர்கள் போவார்கள், வருவார்கள், வீட்டையும் வளவையும் பேசுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஆம்பிளைகள் போய், தொண்டையைச் செருமி, ஒரு பிளேன்டீயைக் குடித்து, தாங்களே முடித்துக் கொடுத்ததுபோல எழும்பி வருவார்கள். நானும் செருமுவதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

ஆனால் டீச்சர் அனுப்பிய மறுமொழி வேறு மாதிரி இருந்தது. "வெள்ளிக்கிழமை அஸருக்குப் பொறகு வாங்க. பொம்புளப்புள்ளட வாப்பாவையும் கட்டாயம் கூட்டிட்டு வாங்க."

"என்னை எதுக்கு?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும். உங்களக் காணணுமாம்."

"காணுறதுக்கு நான் என்ன பிறையா?"

"பிறையெண்டா மாசத்துக்கு ஒருக்கா மறைஞ்சும் போகும். நீங்க எந்த நாளும் இஞ்சதானே இரிக்கீங்க."

"என்னை மறந்திருப்பாங்க எண்டு நினைச்சன்."

"உங்கள மறக்கிறதா? நீங்க பஸார்ல கதைக்கிற சத்தம் இஞ்ச குசினிக்குக் கேக்குது."

அப்போது மகள் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் கழுவிய கோப்பை ஒன்று. அதையே துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே நன்றாகக் காய்ந்திருந்த கோப்பை.

"வாப்பா, அங்க போய் பகிடி விடாதீங்க."

"நான் எப்ப பகிடி விட்ட?"

"வாப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் மனைவியிடம் முன்பே சொன்ன வசனம் எனக்குத் தெரியும்: அவரெண்டா ஓம், இல்லாட்டி இப்ப எனக்கு ஒண்டும் வேணா. சின்ன வயதில் ஐஸ்கிறீம் வேண்டாமென்றால்கூட மூன்று தரம் மனதை மாற்றுகிறவள். இதில் ஒரு தரமும் மாற்றவில்லை. அப்போதுதான் எனக்குக் கை குளிரத் தொடங்கியது. இந்தப் பிள்ளையின் கலியாணம் என் வாயில், அதாவது உலகத்திலேயே நம்ப முடியாத ஒரு இடத்தில், தொங்கிக்கொண்டிருந்தது.

டீச்சர் என்னை எதற்குக் கூப்பிடுகிறார் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடங்கத்தான். தன் ஒரே மகனை அனுப்புகிற வீட்டுத் தலைவனுக்கு அட்ஜெக்டிவ் தெரியுமா என்று பார்க்காமல் அவர் எப்படி ஓம் சொல்லுவார்?

எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு டியூட்டரி வாசலில்தான் விழ வேண்டும். ஆனால் எங்கே போய் விழுவது? தலையில் நரை, பின்பக்கத்தில் சீமெந்துத் தூசு, இந்தக் கோலத்தில் ஓ.எல். பரீட்சைப் பிள்ளைகளோடு வாங்கில் இருந்தால் ஊர் சிரிக்கும். ஆகவே கடையையே டியூட்டரி ஆக்கினேன்.

என் மேசைக்குப் பின்னால் ஆணி, ஸ்க்ரூ, வொஷர் போட்டு வைக்கும், இழுத்துத் திறக்கிற மரலாச்சிகள் இருக்கின்றன. முன்வரிசையில் சரியாக எட்டு. யூடியூப்பில் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று ஒருவர் சொன்னதும் எட்டு வகைதான். இது அல்லாஹ் காட்டிய வழி என்று எண்ணிக்கொண்டு, காகிதத் துண்டுகளில் எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டினேன். ஒன்றரை அங்குல ஆணி, நவுன். இரண்டு அங்குலம், ப்ரொநவுன். கூரைத் தகட்டு ஆணி, வேர்ப். மர ஸ்க்ரூ, அட்ஜெக்டிவ். இரும்பு ஸ்க்ரூ, அட்வேர்ப். வொஷர், ப்ரெப்பொசிஷன். நட்டு, கன்ஜங்ஷன், அது இரண்டைச் சேர்க்கிறது அல்லவா, அந்தப் பொருத்தத்தில் நானே மயங்கிப் போனேன். கடைசி லாச்சியில் தும்புக்கயிற்றுக் கொழுக்கிகள் கிடந்தன. அது இன்டர்ஜெக்ஷன். அந்த லாச்சி எப்போதும் இறுகிக்கொள்ளும், இழுக்கிறவன் "அல்லாஹ்வே!" என்று கத்தாமல் திறக்க ஏலாது.

ஒட்டுவதற்குக் கடையில் இருந்த மிகச் சிறந்த பசையைப் பாவித்தேன். கல்லையும் இரும்பையும் ஒட்டும் என்று நானே விற்கும்போது சொல்லுகிற பசை. இதைப் பிறகு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் நன்றாகப் போனது. டேபிள், நவுன் லாச்சி. ஹீ, ப்ரொநவுன் லாச்சி. ஸ்லோலி, அட்வேர்ப். என் அறிவைக் கண்டு எனக்கே கண் கலங்கியது. மூன்றாம் நாள் என் கடையிலேயே இருக்கிற சாமான்களைச் சொல்லிப் பார்ப்போம் என்று ஒரு கெட்ட யோசனை வந்தது. ஹேமர். நவுன். சரி. ஆனால் அதே சொல்லை வைத்து 'அடி' என்றும் சொல்லலாமாம். அப்போது வேர்ப். நெய்ல், அதுவும் அப்படி. ஸ்க்ரூ, பெயின்ட், பைப், டேப், குளூ, எல்லாம் அப்படி. நான் இவ்வளவு காலமும் நவுன் விற்று வாழ்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடை முழுக்கக் கள்ள வேர்ப். 'ரவுண்ட்' என்று ஒரு சொல், ஐந்து லாச்சிகளுக்குள் கால் வைக்கிறது. இரும்புக் கம்பிக் கட்டின் மேல் எழுதியிருந்த அந்தச் சொல்லைக் கண்டதும் கம்பியைச் சாக்கால் மூடிவிட்டேன்.

இந்த நேரத்தில் எனக்குத் துணையாக நின்றவர் என் மச்சான். மனைவியின் தம்பி, ஓட்டோ ஓடுகிறவர். துணை என்றால், விழுந்தவன் மேல் ஏறி நிற்கிற துணை. விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஓட்டோ ஸ்டாண்டில் இருந்துகொண்டு வட்ஸ்அப்பில் ஒவ்வொரு குரல்பதிவாக அனுப்புவார். நான் வீடு கட்டுகிற ஒரு மேசனுக்கு மணல் சல்லடை காட்டிக்கொண்டிருக்கும்போது போன் கத்தும்.

"மச்சான், 'பட்'?"

பக்கத்தில் ஆள் நிற்பதை மறந்து நானும் "கன்ஜங்ஷன்" என்று வாயாலேயே பதில் அனுப்பினேன். மேசன் என்னைப் பார்த்தார்.

"என்ன முதலாளி, புதுச் சாமானா? அதில ஒண்டு போடுங்க பாப்பம்."

நட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். எனக்கு முதல்முறையாக இலக்கணத்தில் ஒரு வியாபாரம் நடந்தது.

அன்றிரவு சாப்பாட்டில் மனைவியிடம் முறையிட்டேன். "ஒரு சொல் எண்டா ஒரு இடத்தில இரிக்கணும். ஆணி ஆணி லாச்சியில, நட்டு நட்டு லாச்சியில. இது என்ன, ஒரே சொல் இஞ்ச ஒண்டு, அங்க ஒண்டு? இந்த வெள்ளைக்காரனுக்கு ஒழுங்கு தெரியாதா?"

அவள் மீன்முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னாள். "நீங்க உங்கட உம்மாட ஊட்டில மகன். இஞ்ச வந்து மாப்புள. கடையில முதலாளி. ஆள் மாறினதா? இரிக்கிற இடம்தானே மாறின."

யூடியூப்காரர் அரை மணித்தியாலமாகச் சொல்லி விளங்காதது மீன்முள்ளோடு விளங்கிவிட்டது. ஆனால் ஒப்புக்கொண்டால் அவளும் டீச்சராகிவிடுவாள். குடும்பத்துக்கு ஒரு டீச்சரே போதும் என்ற நிலையில், "ஆணத்துக்கு உப்புக் காணாது" என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளியில் அஸர் தொழும்போது என் உடம்பு சரியாகத்தான் குனிந்து நிமிர்ந்தது. மனம் மட்டும் ப்ரெப்பொசிஷன்களுக்குள் கிடந்தது. வீட்டுக்கு வந்தால் என் சேர்ட்டை மகள் அயன் பண்ணி வைத்திருந்தாள். கொலரை இரண்டு தரம் அயன் பண்ணியிருக்க வேண்டும், தொட்டால் சுட்டது. நான் போட்டதும் பின்னால் வந்து தோளில் இல்லாத தூசைத் தட்டினாள். பகிடி விடாதீங்க என்று இந்த முறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லாமல் தட்டியது இன்னும் பயமாக இருந்தது.

மச்சானின் ஓட்டோவில் போனோம். முன்னால் அவர், பின்னால் நானும் மனைவியும், நடுவில் வாழைக்குலையும் தொதல் இனிப்புப் பெட்டியும். வளைவு ஒவ்வொன்றிலும் மச்சான் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார்.

"மச்சான், 'ஓவர்'?"

"றோட்டப் பாத்து ஓட்டுங்க."

"பதில் தெரியாட்டித் தெரியா எண்டு சொல்லுங்க. டீச்சர் நிக்கத்தானே வைப்பாங்க. நான் வெளிய ஓட்டோவில இருந்து பாக்கிறன், நீங்க உயரமாத் தெரிவீங்க."

டீச்சரின் வீடு கடற்கரைப் பக்கம், ஒரு சின்ன ஒழுங்கையில் இருக்கிறது. சுத்தமான வீடு. வெளிவிறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகள் நேர்கோட்டில் போடப்பட்டிருந்தன, வகுப்பறை மாதிரி. அவரே வாசல் கடப்பைத் திறந்தார். முன்னைவிடச் சின்னதாகிப் போயிருந்தார். கண்ணாடி பெரிதாகியிருந்தது. ஸலாம் சொன்னார். பதில் சொன்னேன். அந்த ஒன்று மட்டும் பிழைக்காமல் வந்தது.

மகன் வேலையில் நின்றார். வேண்டுமென்றேதான் அந்த நேரம் வைத்திருக்கிறார்கள். பெட்டிஸும் மஸ்கட் இனிப்பும் வந்தன. பிளேன்டீ வந்தது. மனைவியும் டீச்சரும் கதைக்கத் தொடங்கினார்கள். மகளின் படிப்பு, பழக்கம், வீடு. எங்கள் வீட்டுக் கொங்கிறீட் தட்டில் இருந்து வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிற இரும்புக் கம்பிகளைப் பற்றி டீச்சர் கேட்டார். அதுதான் மேல்மாடி, மகளுக்கு, இந்த வருஷம் சுவர் எழும்பும் என்று மனைவி சொன்னாள். கம்பி எத்தனை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். மனைவியின் முழங்கை வாயை மூடியது. முழங்கை எப்படி வாயை மூடும் என்று கேட்காதீர்கள். இடுப்பில் படவேண்டிய இடத்தில் பட்டால் மூடும்.

நான் கதிரையின் நுனியில் இருந்தேன். என் பெட்டிஸ் அப்படியே கிடந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் மனம் லாச்சியில் போட்டுக்கொண்டிருந்தது. கதிரை நவுன். பழைய அட்ஜெக்டிவ். மெதுவாக அட்வேர்ப். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையால் துடைத்தார். திரும்பப் போட்டார். அந்தச் சைகை எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகுதான் சொல் வரும்.

"உங்களுக்கிட்ட ஒரு கேள்வி கேக்கத்தான் கட்டாயம் வரச் சொன்ன," என்றார்.

"ப்ரெப்பொசிஷன்," என்றேன்.

வெளியே ஓட்டோவில் இருமல் சத்தம் கேட்டது. அது இருமல் இல்லை.

"நான் இன்னும் கேக்கல்ல, மகன்."

"கேளுங்க டீச்சர்."

எப்போது எழும்பினேன் என்று தெரியவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இரிங்க," என்றார் டீச்சர். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு பதிலும் சரியாகச் சொல்லாமலே எனக்கு அந்த அனுமதி கிடைத்தது. இருந்தேன்.

அவர் என் பக்கம் கதிரையைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். குரல் வகுப்புக் குரல் இல்லை.

"நீங்களும் கலியாணம் முடிச்சுப் பொஞ்சாதிட ஊட்டுக்குப் போன ஆள்தானே. போன பொறகு, உங்கட உம்மாவப் பாக்க எப்பெப்ப போவீங்க? பொம்புளைகளுக்கிட்ட இதைக் கேட்டா, 'அவர் எந்த நாளும் போவாரு' எண்டுதான் சொல்லுவாங்க. போன ஆள்தான் மெய்யைச் சொல்ல ஏலும். அதுக்குத்தான் வரச் சொன்ன."

எட்டு லாச்சியும் ஒரேயடியாகக் கவிழ்ந்தன. நவுன், வேர்ப், நட்டு, வொஷர், எல்லாம் தரையில். நான் இராப்பகலாகப் படித்ததில் இது வரவேயில்லை.

மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெரிய பொய் ஒன்று சொல்லலாம் என்று தோன்றியது. வாயில் வந்ததோ நடந்தது.

"எந்த நாளும் போவன் டீச்சர். கடை பூட்டி, உம்மாட ஊட்டுக்குத்தான் முதல்ல. போனா அவ சோறு போட்டுத் தருவா. வேணா எண்டு சொல்ல ஏலா. 'அங்க உனக்கு ஒழுங்காத் தாறாங்களோ தெரியா' எண்டு சொல்லிச் சொல்லிப் போடுவா. அதைத் திண்டுட்டு எங்கட ஊட்டுக்கு வந்தா, இவ போடுவா. இஞ்சயும் வேணா எண்டு சொல்ல ஏலா. உம்மா மௌத்தாகும் வரைக்கும் எனக்கு ராச்சாப்பாடு ரெண்டு தரம்."

டீச்சர் கண்ணாடிக்கு மேலால் என் வயிற்றைப் பார்த்தார். பல வருஷமாக நான் சேர்ட்டை வெளியே விட்டு மறைத்து வந்த சாட்சி அது. அன்றைக்குச் சேர்ட்டை உள்ளே விட்டிருந்தேன், மரியாதைக்காக.

"மெய் போலதான் இரிக்கி," என்றார்.

அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள். "எனக்குத் தெரியா எண்டு நினைச்சீங்களா? கலியாணம் முடிச்ச முதல் மாசத்திலேயே கண்டுபிடிச்சிட்டன். அதுக்குத்தான் உங்கட பங்கில அரைச் சுண்டு அரிசி குறைச்சுப் போடுவன்."

"குறைச்சா? நான் உன்ட கையளவே அவ்வளவுதான் எண்டு நினைச்சன்!"

"பின்னே? மாமி அங்க போடக்குள்ள நான் இஞ்ச கொட்டுறதா? 'போகாதீங்க' எண்டு நான் ஒருநாளும் சொல்லல்ல. அரிசியை மட்டும் குறைச்ச."

டீச்சர் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல்தரம். அவருக்குப் பல் இருக்கிறது என்பதே எனக்குப் புதினம். சிரித்து முடிந்ததும் சற்று நேரம் வாழைக்குலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஊட்டில பின்னேரம் கதைக்கிறதுக்கு அவன் ஒராள்தான்," என்றார். "போகப்போறான் எண்டு தெரியும். போகத்தான் வேணும், அதான் எங்கட முறை. போனவன் வருவானா எண்டுதான் எனக்குத் தெரியணும்."

"வருவாரு டீச்சர்," என்றாள் மனைவி. "வராட்டி நான் சோறு போடமாட்டன்."

நானும் ஏதாவது பெரிய வசனம் சொல்ல வேண்டும் என்று தேடினேன். கிடைக்கவில்லை. "வராட்டி மச்சான்ட ஓட்டோவில கட்டி அனுப்புவன்" என்றேன். பகிடிதான். மகள் என்னை மன்னிக்க வேண்டும். டீச்சர் தலையை ஆட்டி, "சரி, உங்கட புள்ளய எனக்குப் புடிச்சிரிக்கி. மகன் ஏற்கெனவே ஓம் எண்டுட்டான். நானும் ஓம்" என்றார். மனைவி எழும்பிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் என் பெட்டிஸை எடுத்து ஒரே வாயில் போட்டேன்.

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள மனிதன் ஸலாம் சொல்லிப் புறப்பட்டிருப்பான். நான் கடப்படியில் நின்றேன். இராப்பகலாகப் படித்தது நெஞ்சுக்குள் கிடந்து உறுத்தியது. படித்ததை ஒருவரும் கேட்காமல் போவது எவ்வளவு கொடுமை என்று பரீட்சை எழுதியவர்களுக்குத் தெரியும்.

"டீச்சர், ஒரு சொல்லும் கேக்கல்லியே?"

"கேக்கவா?"

"கேளுங்க." லாச்சிகளை நேராக்கிக்கொண்டேன்.

"பழைய சொல்தான். பியூட்டிஃபுல்."

எனக்குத் தெரியும். மர ஸ்க்ரூ லாச்சி. கண்ணை மூடினாலும் தெரியும். ஆனால் அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார், நான் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

"வேர்ப்," என்றேன்.

மச்சான் ஓட்டோவின் ஹோணை அடித்துக்கொண்டே சிரித்தார். ஒழுங்கையில் இருந்த பெண்கள் கடப்பைத் திறந்து பார்த்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மகளுக்குக் குரல்பதிவு போய்விட்டது. வாசலில் நின்றவள் முதலில் உம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு அழுதாள், பிறகு சிரித்தாள். எந்த ஒழுங்கில் என்று சரியாக நினைவில்லை. என் தோளில் இன்னொரு தரம் இல்லாத தூசைத் தட்டினாள்.

கடையில் காகிதத் துண்டுகளை உரிக்கப் பார்த்தேன். பசை மெய்யாகவே நல்ல பசை. மரம் பெயர்ந்தது, காகிதம் பெயரவில்லை. இப்போது மேசன்மார் வந்தால், "முதலாளி, ப்ரொநவுன்ல ஒரு கிலோ போடுங்க" என்கிறார்கள். சரியான ஆணிதான் போகிறது, ஆகவே நான் வாதாடுவதில்லை.

மேல்மாடியில் சுவர் எழும்பி, கதவு போட்டு, கலியாணமும் முடிந்தது. மருமகன் உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். வேலை முடிந்ததும் நேரே உம்மா வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வருகிறார். எப்போதாவது நானும் கூடப் போவேன். டீச்சர் வீட்டு மஸ்கட் நல்ல மஸ்கட். அதற்கு விலையாக விறாந்தையில் இருந்து ஒரு சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் நின்றுகொண்டே தின்கிறேன்.

கலியாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோது குசினிக்குள் மகளின் குரல் கேட்டது.

"உம்மா, இவரு மாமிட ஊட்டில திண்டுட்டுத்தான் வாறாரு போல. ராவைக்குப் போடுறதில பாதியை அப்படியே வைக்காரு. என்ன செய்யிற?"

"அரிசியில அரைச் சுண்டக் குறை. அவருக்கிட்ட ஒண்டும் கேக்காத."

நான் சத்தம் போடாமல் படியிலிருந்து இறங்கி வந்து விறாந்தையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மருமகன் கடப்பைத் திறந்து வந்தார். சேர்ட்டை வெளியே விட்டிருந்தார்.